கெடிலக் கரையோரம் மனை: கரையை உயர்த்தினால் வெள்ளம் வராதா?

நீங்கள் கேட்டது இது. கடலூரில் கெடிலத்தின் வடகரையில், ஆற்றிலிருந்து 300 மீட்டர் தள்ளி ஒரு மனை பார்த்திருக்கிறீர்கள். "தூர்வாரிட்டாங்க, கரையையும் உயர்த்துறாங்க, இனிமே தண்ணி வராது" என்கிறார் விற்பவர். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையை ஒழுங்காகத் திறந்திருந்தால் கடலூருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்கிறார் உங்கள் உறவினர். இரண்டும் சரிதானா என்கிறீர்கள். கேள்வி கரையையும் அணையையும் பற்றியதாக இருந்தாலும், இருபது முப்பது வருஷம் கடன் கட்டப்போகிற வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் எழுதுகிறேன். ஆறு, ஏரிப் பணிகளில் பொறியாளராக 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் கடலூர் மாவட்டத்தில்தான். உங்கள் மனையை நான் பார்க்கவில்லை, மட்டம் எடுக்கவில்லை. அதனால் வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. எதை எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் அணை. அது கணக்குப் போட்டாலே தெளிந்துவிடும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் சீக்கிரம் நகராமல் அங்கேயே நின்று கொட்டியதில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 46 செ.மீ. மழை. அடுத்து உள்ளே போய் ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 செ.மீ. கொட்டியது. ஊத்தங்கரைத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்கு வந்து, சாத்தனூருக்குத்தான் சேரும். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து திறந்துவிடப்பட்டது விநாடிக்கு 1,68,000 கன அடி. அணையின் மொத்தக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வகுத்துப் பாருங்கள், சுமார் 43,600 விநாடி வரும். பன்னிரண்டு மணி நேரம். அதாவது அணை அடிவரை காலியாகக் கிடந்திருந்தாலும் அந்த வேகத்தில் வந்த நீரை அரை நாளுக்குத்தான் பிடித்து வைத்திருக்க முடியும். அன்றைக்கு அது காலியாக இல்லை. வடகிழக்குப் பருவத்தின் நடுவில் கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருந்தது.

ஆகவே அணையே அந்த வெள்ளத்தை நிறுத்தியிருக்கும் என்பது நடக்காத காரியம். இது உறுதி. இரண்டு நாள் முன்னதாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து இடம் உண்டாக்கியிருந்தால் உச்ச அளவு எவ்வளவு குறைந்திருக்கும் என்பது வாதத்துக்குரியது. ஓரளவு குறைந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் திறக்கிறவர் நிலையிலிருந்தும் பார்க்க வேண்டும். மாவட்டத்துக்குக் கனமழை என்று முன்னறிவிப்பு வரும். எந்த வட்டத்தில் 10 செ.மீ., எந்த வட்டத்தில் 50 செ.மீ. என்று இரண்டு நாளுக்கு முன் யாராலும் சொல்ல முடியாது. மழையை நம்பித் திறந்துவிட்டு மழை வராமல் போனால், தை மாதம் பாசனத்துக்குத் தண்ணீர் கேட்டு வரும் விவசாயிக்கு என்ன பதில் சொல்வது? இந்த இழுபறி எல்லா அணையிலும் உண்டு. இன்னொன்று, அணைக்கும் கடலூருக்கும் நடுவே 100 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. அந்த நடுப்பகுதியில் பெய்கிற மழை, துரிஞ்சலாறு கொண்டுவந்து சேர்க்கிற நீர், இவற்றுக்கு மேல் அணைக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

இதையெல்லாம் விட முக்கியம், சாத்தனூர் இருப்பது தென்பெண்ணையில். நீங்கள் பார்த்திருக்கும் மனை கெடிலக் கரையில். பெண்ணையில் பெருவெள்ளம் போகும்போது மலட்டாறு வழியாக ஒரு பங்கு கெடிலத்துக்கு வரும் என்பது உண்மை. மற்றபடி கெடிலத்தில் சாத்தனூர் மாதிரி தேக்கி வைக்கும் பெரிய அணை ஒன்றுமே இல்லை. இருப்பவை அணைக்கட்டுகள். அவை நீரைத் திருப்பி வாய்க்காலுக்கு அனுப்புமே தவிர வெள்ளத்தைப் பிடித்து வைக்காது. மேலே பெய்கிற மழை தடையில்லாமல் உங்கள் பக்கம் வரும். ஆக, உறவினர் சொன்னது சரியோ தவறோ, உங்கள் மனைக்கு அதில் சம்பந்தம் குறைவு.

சரி, கெடிலத்துக்கு வருவோம். கடலூர் வரிசையாகப் பல ஆறுகளின் கடைமடை. வடக்கே தென்பெண்ணை, ஊருக்குள் கெடிலம், தெற்கே பரவனாறும் உப்பனாறும். மூன்று இடத்திலிருந்து தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: மேலேயிருந்து ஆற்றில் வருவது, ஊருக்கு மேல் வானத்திலிருந்து நேராக விழுவது, எதிரே கடலிலிருந்து தள்ளிக்கொண்டு வருவது. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்கு நோயாகிவிடும். அரசு அலுவலகத்திலும் சரி, தெருவிலும் சரி, இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பித்தான் பேசுகிறார்கள்.

கடலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சாதாரண நாளில் நம் கரையில் ஓதத்தின், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதன், அளவு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் புயல் நெருங்கும்போது காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளும், நீர்மட்டம் ஏறும். அதே நேரம் மழையும் கொட்டும். ஆற்றுநீர் கடலுக்குள் இறங்க இடமில்லாமல் நின்றுவிடும். தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் இருக்கிறவர்களைக் கேளுங்கள், "கடல் தண்ணி வாங்கல" என்பார்கள். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை. ஆற்றில் நீரோட்டம் குறைந்த மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் திட்டுப் போட்டுவிடும். அதை மழைக்கு முன்பே வெட்டிவிட்டால் ஆரம்ப வெள்ளம் சிரமமில்லாமல் இறங்கும். செலவு குறைவு, பலன் உறுதி. ஆனால் அடுத்த கோடையில் மறுபடியும் அடைத்துக்கொள்ளும். ஆகவே வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை அது.

இதை மனதில் வைத்துக்கொண்டு தூர்வாருவதைப் பாருங்கள். ஆற்றுக்குள் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தையும் ஆகாயத்தாமரையையும் எடுப்பது நிச்சயம் பலன் தரும். செடியும் முள்ளும் நீரின் வேகத்தைக் குறைக்கும், வேகம் குறைந்தால் மட்டம் ஏறும். பாலத் தூண்களில் அவை வந்து சிக்கிக்கொண்டால் பாலமே தடுப்பணை மாதிரி ஆகிவிடும். அடியை ஆழமாகத் தோண்டுவது வேறு. கடலுக்குப் பக்கத்தில், கடல்மட்டத்துக்கும் கீழே எவ்வளவு தோண்டினாலும் அங்கே கடல்நீர்தான் வந்து நிற்கும். வெள்ளத்தின் மட்டத்தைத் தீர்மானிப்பது வெளியே கடல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும், முகத்துவாரம் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதும்தான். அதிகமாகத் தோண்டினால் உப்பு நீர் மேலே ஏறிப் பக்கத்துக் கிணறுகள் கெடும், கரையின் அடி அரித்துப் போகும். விற்பவர் "தூர்வாரிட்டாங்க" என்று சொன்னது உங்கள் மனைக்கு அரை அடி நன்மை செய்யலாம். ஒரு வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து போட்டால் அந்த அரை அடியும் போய்விடும்.

கரையை உயர்த்துவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நான் உதவிப் பொறியாளராக இருந்த காலத்தில் ஒரு கார்த்திகை இரவு, கெடிலக் கரையில் கரையையும் மதகையும் காவல் பார்க்கும் ஊழியரான ஒரு வயதான லஸ்கரோடு நின்றேன். ஆறு கரையின் மேல்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கரையின் மறுபக்கம், ஊர்ப்பக்கச் சரிவில் இறங்கி அடிவாரத்தையே தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தார். "சார், ஆத்தப் பாக்காதீங்க, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். ஒரு சோற்றுத்தட்டு அகலத்துக்குத் தரையிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையில் அள்ளி, டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். அடியில் மெல்லிய மணல் தங்கியது. "தெளிவா வந்தா பயமில்ல. மண்ணோட வந்தா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம்" என்றார். அதை அடைக்கப் பார்க்கக்கூடாது. அடைத்தால் பக்கத்தில் வேறு இடத்தில் பீறிடும். சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீரை மார்பளவு நிற்கவிட்டோம். உள்ளே நிற்கிற நீரின் எடை கீழேயிருந்து வரும் அழுத்தத்தைச் சமன் செய்தது, மணல் வருவது நின்றது. விடியும்வரை நாங்கள் இருவரும், ஊர்ப் பையன்கள் எட்டுப் பேரும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அந்த இரவுக்கு அப்புறம் கரையின் உயரத்தைச் சொல்லி யாராவது தைரியம் கொடுத்தால் நான் நம்புவதில்லை. கரை வழிந்து உடைவதும் உண்டு, வழியாமலேயே அடியில் ஊறி உடைவதும் உண்டு. எந்த மண்ணில் போட்டார்கள், எப்படி இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள், எலி வளையும் மரவேரும் உள்ளே எவ்வளவு துளை போட்டிருக்கின்றன, இதெல்லாம் வெளியே தெரியாது. உயரமான கரை உடையும்போது வரும் நீர் தாழ்வான கரை வழியும்போது வருவதைவிடக் கொடியது. வழிந்தால் தண்ணீர் மெல்ல ஏறும், மூட்டை முடிச்சோடு வெளியேற நேரம் இருக்கும். உடைந்தால் நேரமே இல்லை.

கரைக்குள்ளே விழும் மழைக்கும் வழி வேண்டும். ஊரின் மழைநீர் வடிகால் எல்லாம் கரையைத் துளைத்துத்தான் ஆற்றில் சேர்கிறது. ஆறு ஏறிவிட்டால் அதே துளை வழியாக ஆறு ஊருக்குள் வரும். அதைத் தடுக்க, ஆற்று நீர் அழுத்தினால் தானாகச் சாத்திக்கொள்ளும் இரும்புக் கதவு போடுவார்கள். ஒரு வெள்ளத்தில் அப்படிப்பட்ட கதவு ஒன்று, ஒரு தேங்காய் மட்டையும் துணி மூட்டையும் சிக்கியதால் பாதி திறந்தபடியே நின்றுவிட்டது. கரை ஒன்றும் ஆகவில்லை, நான்கு தெரு மூழ்கியது. மழைக்கு முன் அதைச் சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டும் என்று கோப்பில் எழுதியிருந்தது, செய்யவில்லை. கதவு சரியாகச் சாத்திக்கொண்டாலும் உள்ளே விழும் மழை வெளியேற முடியாமல் தேங்கும், மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். புதுச்சேரியில் ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகள் மூழ்குவதற்குப் பெரிய ஆறு எதுவும் கரை உடைக்க வேண்டியதில்லை. ஒரு சதுர கிலோமீட்டரில் 46 செ.மீ. மழை என்றால் 46 கோடி லிட்டர். மணிக்கு 10 லட்சம் லிட்டர் இறைக்கும் மோட்டார் ஒன்று மட்டும் அதை முழுசாக இறைக்க 460 மணி நேரம், அதாவது 19 நாள் ஆகும். நீரைத் தாங்கிய குளமும் வயலும் அந்த இடத்தில் இல்லாமல் போனதற்குப் பதிலாகத்தான் இந்த மோட்டார்கள் ஓடுகின்றன.

ஏரிகளைப் பற்றியும் நிதானமாகப் பேச வேண்டும். ஏரிகளை மீட்டால் வெள்ளமே வராது என்று பலர் சொல்கிறார்கள். அக்டோபரில் காலியாக இருக்கும் ஏரி முதல் இரண்டு மூன்று மழையை அப்படியே வாங்கிக்கொள்ளும், சந்தேகமில்லை. நவம்பர் கடைசியில் நிரம்பி, மிகுதி நீர் வெளியேறும் கலிங்கு வழியும் ஏரி, வருகிற வெள்ளத்தைச் சற்றுத் தாமதப்படுத்துமே தவிர விழுங்காது. கரை பராமரிப்பு இல்லாத ஏரி உடைந்தால் கீழே உள்ள ஏரியும் சேர்ந்து உடையும். 2015 நவம்பரில் நெய்வேலிப் பக்கம் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது பெரியகாட்டுப்பாளையம், விசூர் போன்ற ஊர்களை அடித்தது வருஷத்தில் பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கும் ஓடைதான். பெரிய ஆற்றுக்குப் பயந்து தள்ளி நின்றவர்களை ஓடை கொண்டுபோனது. இன்றைக்கும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

"100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்தான் இந்த இடத்தைத் தொடும்" என்று யாராவது சொன்னால் நிம்மதி அடையாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதற்குப் பொருள். இந்த வருஷம் வந்ததால் அடுத்த வருஷம் வராது என்று இல்லை. 30 வருஷக் கடன் காலத்தில் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 விழுக்காடு. 25 ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளம் என்றால் 71 விழுக்காடு. இந்தக் கணக்கே சில பத்தாண்டு அளவீட்டை வைத்துப் போடுவது என்பதால் அதிலும் பிழை இருக்கும். தானே புயல் 2011 டிசம்பர், நெய்வேலி மழை 2015, தென்பெண்ணை வெள்ளம் 2021 நவம்பர், அப்புறம் ஃபெஞ்சல் 2024. பதின்மூன்று வருஷத்தில் இத்தனை. இது காலநிலை மாற்றமா, தற்செயலான நெருக்கமா என்று இந்தச் சிறு பட்டியலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சூடான கடல் மேல் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும் என்பதும், கொட்டித் தீர்க்கும் மழை கூடும் என்பதும் நன்கு அறிந்த இயற்பியல். வீடு வாங்குகிறவர் அந்தப் பக்கம் சாய்ந்து முடிவெடுப்பதுதான் பத்திரம்.

இனி உங்கள் மனை. முதல் வேலை, சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டையும் (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்ப் பதிவேடு) புலப்படத்தையும் (அந்த எண்ணின் அளவு வரைபடம்) எடுப்பது. இரண்டும் அரசின் இணைய சேவையில் கிடைக்கும். பட்டா உங்கள் விற்பவர் பெயரில் இருப்பது போதாது. நில உடைமைப் பதிவுகள் 1980களில் திருத்தப்பட்டதற்கு முந்தைய பதிவேட்டில் அந்த எண் என்னவாக இருந்தது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். ஓடை, வாய்க்கால், ஆற்றுப் புறம்போக்கு, குட்டை என்று ஏதாவது ஒரு சொல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். மனைக்குப் பக்கத்து எண்களையும் பாருங்கள். தண்ணீர் சர்வே கல்லைப் பார்த்து நிற்காது.

இரண்டாவது, ஆறு முன்பு எங்கே ஓடியது என்பது. திருப்பாதிரிப்புலியூர் தலபுராணத்தில் மாணிக்கவாசகருக்காகக் கெடிலம் திசை மாறி வழிவிட்டதாகச் சொல்வார்கள். நீரியலுக்குப் புராணத்தை நான் சாட்சி கூப்பிடவில்லை. ஆனால் கடலோரச் சமவெளியில் ஆறுகள் இடம் மாறுவது உண்மை, பழைய தடம் லேசான பள்ளமாக ஊருக்குள் கிடக்கும் என்பதும் உண்மை. கண்ணுக்குச் சமதரை மாதிரி தெரியும், மட்டக்கருவியில் இரண்டடி காட்டும். ஒரு சர்வேயரை வைத்து, தெரு மட்டம், மனை மட்டம், ஆற்றுக் கரையின் மேல்மட்டம், பக்கத்து வடிகாலின் அடிமட்டம் நான்கையும் எடுக்கச் சொல்லுங்கள். மனையின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. 300 மீட்டர் தள்ளி என்பது எனக்கு எதையும் சொல்லவில்லை. உயரம்தான் சொல்லும்.

மூன்றாவது, ஆட்களைக் கேட்பது. புரோக்கர் கூட்டிப்போகும்போது கேட்காதீர்கள், அப்புறம் தனியாகப் போங்கள். நான் ஒரு தெருவில் வெள்ள மட்டம் குறிக்கப் போனபோது, எல்லோரும் "முழங்கால் அளவுதான்" என்றார்கள். திண்ணையில் இருந்த ஆயா ஒருவர் எழுந்து, உள்ளே கூட்டிப்போய், சாமி படத்துக்குக் கீழே சுவரில் ஓடிய பழுப்புக் கோட்டைக் காட்டினார். "பொண்ணு கல்யாணத்துக்கு வெள்ளையடிச்சோம்யா, அதுக்கும் மேல மறுபடி வந்துருச்சு" என்றார். டேப் வைத்தேன், மூன்றரை அடி. விற்க நினைக்கிறவர் சொல்கிற அளவும் குடியிருக்கிறவர் சுவரும் ஒன்றாக இருக்காது. மின்சார மீட்டர் பெட்டியைத் தெருவில் எல்லோரும் எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்றும் கவனியுங்கள். தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தால் ஏதோ அனுபவப்பட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்தும் வாங்குவதென்றால், ஆயா வீட்டுக் கோடு மாதிரி அந்தத் தெருவில் கிடைக்கும் உச்ச மட்டத்துக்கு மேலே இரண்டடியாவது பேஸ்மட்டம் வையுங்கள். தெருவில் தார் மேல் தார் போட்டு வருஷா வருஷம் உயர்ந்துகொண்டே போகும், அதற்கும் சேர்த்து. மனை முழுவதும் மண் கொட்டி மேடாக்குவதைவிடத் தூண் எழுப்பிக் கீழே தண்ணீர் போக விடுவது நல்லது. மண் கொட்டினால் உங்கள் பங்குத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவரும் கொட்டுவார், கடைசியில் கொட்ட வசதியில்லாதவர் வீட்டில் போய் நிற்கும். சம்ப்பின் வாயைத் தரைக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். கழிவுநீர்க் குழாயில் எதிர்நீரைத் தடுக்கும் வால்வு போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் முதலில் உள்ளே வருவது ஆறு இல்லை, கழிப்பறை வழியாக வரும் செப்டிக் டேங்க் தண்ணீர்தான். மொட்டை மாடிக்கு வீட்டுக்குள்ளிருந்தே படி இருக்கட்டும்.

உங்கள் மனை வடகரையில் என்பதால் ஒரு விஷயம் மட்டும் கூடுதலாக. அந்தப் பக்கத்தில் சில இடங்களுக்குத் தென்பெண்ணை முதுகுப்பக்கம், கெடிலம் முன்பக்கம். இரண்டும் ஒரே நாளில் ஏறினால் வெளியே போகும் சாலை எது மூழ்காமல் இருக்கும் என்று குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும் மூன்று நாள் பால், மருந்து இல்லாமல் தீவில் இருப்பது வயதானவர்கள் உள்ள வீட்டில் சாதாரண விஷயம் இல்லை. ஐப்பசி கடைசியில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, முன்பணம் கொடுப்பதற்கு முன், குடையோடு போய் ஒரு மணி நேரம் அங்கே நில்லுங்கள். தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பார்த்த பிறகு மட்டக் கணக்கோடு மறுபடி எழுதுங்கள், அந்த நான்கு எண்களும் இருந்தால் இன்னும் குறிப்பாக என்னால் பதில் சொல்ல முடியும்.